பொறுக்குகிறவர்களும் சேகரிக்கிறவர்களும்: ஆங்கிலேயக் குடிசைத் தோட்டத்தின் பழம்பொருட்கள்

தமிழில் 'பொறுக்கி' என்பது வசைச்சொல். 'சேகரிப்பாளர்' என்பது மரியாதைச்சொல். இரண்டு பேரும் செய்கிற காரியம் ஒன்றுதான்: அடுத்தவர் விட்டுப்போனதைக் குனிந்து எடுக்கிறார்கள். யார் குனிகிறார், யாருடைய மண்ணில் குனிகிறார், எடுத்தது வயிற்றுக்கா ஆசைக்கா என்பதை வைத்துப் பெயர் மாறுகிறது. இந்தப் பெயர்மாற்றத்திற்கு இங்கிலாந்தில் ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது. அதை அரசியல் நூல்களிலிருந்து மட்டுமல்லாமல், அங்கே 'காட்டேஜ் கார்டன்' என்று கொண்டாடப்படுகிற தோட்டத்தின் மூலையில் கிடக்கும் கல்தொட்டியிலிருந்தும் செப்பு அண்டாவிலிருந்தும் வாசிக்கலாம் என்று தோன்றுகிறது. பூந்தோட்டத்தைப் பற்றிய கட்டுரைக்கு இந்தப் பக்கங்களில் என்ன வேலை என்று கேட்கிற தோழர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நமக்குக் 'காட்டேஜ்' என்றால் பழனியிலோ கொடைக்கானலிலோ வாடகைக்கு எடுக்கிற விடுதி. ஆங்கிலத்தில் அது முதலில் ஏழைக் குடியானவனின் குடிசை. இடைக்கால நிலப்பதிவேடுகளில் 'காட்டர்' என்று எழுதப்பட்டவன் சொல்லிக்கொள்ளும்படி நிலமில்லாதவன், குடிசையும் அதை ஒட்டிய துண்டு மண்ணும் மட்டும் அனுபவித்தவன், அதற்கு ஈடாக ஆண்டையின் நிலத்தில் உழைத்தவன். அந்தச் சொல் எப்படி ஓய்வுக்கும் விடுமுறைக்கும் உரிய சொல்லாயிற்று என்பதும், அவன் வீட்டுத் தட்டுமுட்டுச் சாமான்கள் எப்படி அலங்காரப் பொருட்களாயின என்பதும் ஒரே கதையின் இரண்டு முனைகள்.

இன்றைக்கு அந்தப் பாணியில் தோட்டம் போடுகிறவர்கள் என்னென்ன தேடி அலைகிறார்கள் என்று பாருங்கள். மாட்டுக்குத் தண்ணீர் காட்டிய கல்தொட்டி. அதில் இப்போது சின்னச் சின்ன மலைப்பூச்செடிகள். துணியை வெள்ளாவி வைத்த செப்பு அண்டா; அதில் துலிப். சுவரில் சாய்த்துவைத்த வண்டிச்சக்கரம். காளான் வடிவத்தில் செதுக்கிய கற்கள். இவை தானியக் களஞ்சியத்தைத் தரையிலிருந்து தூக்கிப் பிடித்த கால்கள், குடைபோல விரிந்த தலையைத் தாண்டி எலியால் ஏறமுடியாது. இப்போது பாதையோரம் வரிசை கட்டி நிற்கின்றன. இடித்த வீட்டின் புகைபோக்கி உச்சியில் இருந்த சுடுமண் குழாய், துணி பிழியும் உருளை இயந்திரம், தகரக் குளியல்தொட்டி, துருப்பிடித்த வாளி. இவற்றில் ஒன்றுகூட அழகுக்கென்று செய்யப்பட்டதில்லை. அத்தனையும் வேலைக் கருவிகள். வேலை கழன்றுபோன பிறகுதான் அவை கண்ணுக்கு அழகாகத் தென்படத் தொடங்கியிருக்கின்றன. வேலை எப்படிக் கழன்றது, அதைச் செய்தவர்கள் எங்கே போனார்கள் என்று தோட்டக்கலைப் புத்தகங்கள் விசாரிப்பதில்லை. 'காலத்தின் வாசனை' என்று ஒரு சொல்லைப் போட்டு மேலே போய்விடுகின்றன.

*

பொறுக்குவதிலிருந்தே தொடங்கலாம். சஃபோக் மாவட்டம் டிம்வொர்த் கிராமத்தில் மேரி ஹௌட்டன் என்ற பெண், அறுவடை முடிந்த வயலில் சிந்திக்கிடந்த கதிர்களைப் பொறுக்கியதற்காக வழக்கில் மாட்டினார். வழக்கு லண்டன்வரை போயிற்று. 1788இல் தீர்ப்பு வந்தது: சிந்திய கதிரைப் பொறுக்க ஏழைகளுக்குப் பொதுச்சட்டப்படி உரிமை கிடையாது. நான்கு நீதிபதிகளில் ஒருவர் மட்டும் மாறுபட்டார். விவிலிய காலத்திலிருந்து வழக்கமாக இருந்து வந்த ஒன்று அன்றைக்குக் காகிதத்தில் அத்துமீறலாயிற்று. நடைமுறையில் கிராமத்துப் பெண்கள் அடுத்த நூறு ஆண்டுகளுக்கும் கதிர் பொறுக்கிக்கொண்டுதான் இருந்தார்கள், அது வேறு விஷயம். ஆனால் உரிமையாக இருந்தது தயவாக மாறிவிட்டது. இதே போன்றதொரு மாற்றத்தை 1842இல் ரைன் மாகாணத்தில், காட்டில் உதிர்ந்த சுள்ளியைப் பொறுக்குவதைத் திருட்டாக்கும் சட்டவிவாதத்தில் இருபத்துநாலு வயதுப் பத்திரிகையாளர் ஒருவர் பார்த்தார். பொருளாதாரத்தை ஒழுங்காகப் படிக்கவேண்டும் என்ற எண்ணத்தை அதுதான் தனக்குத் தந்தது என்று பிற்பாடு கார்ல் மார்க்ஸ் எழுதினார். சுள்ளியும் கதிரும் அற்பமான விஷயங்கள் என்று நினைக்கிறவர்களுக்காக இதைச் சொல்லவேண்டியிருக்கிறது.

கதிருக்கு அடுத்து மந்தைவெளி. 1604க்கும் 1914க்கும் இடையில் ஆங்கில நாடாளுமன்றம் 5,200க்கும் அதிகமான அடைப்புச் சட்டங்களை இயற்றியது. 68 லட்சம் ஏக்கர், அதாவது இங்கிலாந்தின் பரப்பில் ஐந்தில் ஒரு பங்கு, வேலிக்குள் போயிற்று. பெரும்பகுதி 1750க்குப் பிந்தைய நூறாண்டுகளில் நடந்தது. ஒரு பசு, சில வாத்து, அடுப்புக்குச் சுள்ளி என்று மந்தைவெளியை நம்பியிருந்த குடிசைக்காரன், கூலியை மட்டும் நம்பவேண்டியவனானான். ஹெல்ப்ஸ்டன் கிராமத்துக் கூலித்தொழிலாளியும் கவிஞருமான ஜான் கிளேரின் ஊருக்கு 1809இல் அடைப்புச் சட்டம் வந்தது. பால்யத்தில் சுற்றித் திரிந்த வெளி கண்ணெதிரே துண்டுதுண்டாவதைப் பார்த்தார். வயிற்றுப்பாட்டுக்கு அவரே சில காலம் வேலிச்செடி நடும் வேலைக்கும் போனார். கடைசி 23 ஆண்டுகளை நார்த்தாம்ப்டன் மனநலக் காப்பகத்தில் கழித்து 1864இல் இறந்தார்.

குடிசைத் தோட்டம் என்று இன்றைக்கு நாம் படத்தில் பார்க்கிற அந்தத் துண்டு மண்ணுக்கு இந்த இடத்தில்தான் புதிய அர்த்தம் ஏறுகிறது. மந்தைவெளி போனபின் அதில் உருளைக்கிழங்கும் முட்டைக்கோசும் பயிரிட்டு, ஒரு பன்றியும் வளர்த்தால்தான் அரை வயிறு நிறையும். 1830இல் தென் இங்கிலாந்து முழுக்கக் கதிரடிக்கும் இயந்திரங்களைத் தொழிலாளர்கள் உடைத்தார்கள், வைக்கோற்போர்கள் எரிந்தன. 'கேப்டன் ஸ்விங்' என்ற கற்பனைத் தலைவரின் பேரில் மிரட்டல் கடிதங்கள் போயின. 19 பேர் தூக்கிலிடப்பட்டார்கள், ஏறத்தாழ 500 பேர் ஆஸ்திரேலியாவுக்கு நாடு கடத்தப்பட்டார்கள். அதற்குப் பிந்தைய ஆண்டுகளில்தான் நிலவுடைமையாளர்கள் கால் ஏக்கர், அதற்கும் குறைவு என்று தொழிலாளிகளுக்குக் குத்தகைக்கு மண் விடுவது வேகமாகப் பரவியது. கூடவே விதிகள்: ஞாயிற்றுக்கிழமை கொத்தக்கூடாது, மண்வெட்டி தவிர ஏர் கூடாது, குற்றத்தில் தண்டனை பெற்றால் மண் பறிபோகும். குடிசைத் தோட்டத்தை ஆங்கிலேய மனத்தின் இயல்பான கவித்துவ வெளிப்பாடு என்று எழுதுகிறவர்கள் இந்த விதிப்பட்டியலை ஒருதரம் படித்துப் பார்க்கலாம். பயத்தில் கொடுத்தது, கண்காணிப்போடு கொடுத்தது.

இதே காலத்தில்தான் குடிசை, மேல்தட்டின் கண்ணுக்கு அழகாகவும் தெரிய ஆரம்பித்தது. பிரிஸ்டலுக்கு அருகே ஜான் ஹார்ஃபோர்டு என்ற வங்கிமுதலாளி, ஓய்வுபெற்ற வேலைக்காரர்களுக்காக ஜான் நாஷ் என்ற புகழ்பெற்ற கட்டடக் கலைஞரை வைத்து 1811 வாக்கில் ஒன்பது குடிசைகள் கட்டினார். பிளெய்ஸ் ஹாம்லெட். ஒன்பதும் ஒன்பது விதம். கூரை, உயரமான புகைபோக்கி, கொடி படரும் முகப்பு என்று ஒவ்வொன்றும் ஓவியம் மாதிரி. உழைத்துத் தேய்ந்த முதியவர்கள் அந்த ஓவியத்துக்குள் உருவங்களாக வைக்கப்பட்டார்கள். அலங்காரத்திற்காகப் பழைய பொருளை வைப்பதற்கு முன்னால் பழைய மனிதர்களையே வைத்துப் பார்த்திருக்கிறார்கள்.

*

ஹெலன் அலிங்ஹாமின் நீர்வண்ணப் படங்களைப் பலர் ஏதாவது ஒரு காலண்டரிலோ பிஸ்கட் டப்பாவிலோ பார்த்திருக்கலாம். ஓலை வேய்ந்த கூரை, குறுக்குக்கம்பிச் சன்னல், வாசலில் ஹோலிஹாக்கும் ரோஜாவும், படலைப் பிடித்துக்கொண்டு நிற்கும் தாயும் குழந்தையும். 1880களில் சர்ரே மாவட்டத்தில் குடியிருந்து இவற்றை வரைந்தார். 1886இல் 'சர்ரே குடிசைகள்' என்ற தலைப்பில் லண்டனில் கண்காட்சி வைத்தார். அவர் வரைந்த பத்தாண்டுகள் ஆங்கில வேளாண்மை நொறுங்கிய பத்தாண்டுகள். அமெரிக்கக் கோதுமை கப்பல் கப்பலாக வந்து விலையைச் சாய்த்தது. கூலிகள் நகரத்துக்கும் கடல்தாண்டியும் போனார்கள். 1872இல் ஜோசப் ஆர்ச் தலைமையில் உருவான விவசாயத் தொழிலாளர் சங்கத்தைப் பண்ணையார்கள் 1874இல் கதவடைப்புச் செய்து முதுகெலும்பை முறித்திருந்தார்கள். காலியான குடிசைகளை லண்டன்காரர்கள் வாங்கிப் புதுப்பித்தார்கள். இதைத் தடுக்கவேண்டும் என்ற ஆதங்கம் அலிங்ஹாமுக்கு உண்மையிலேயே இருந்தது. அதனால் புதுச் சன்னல் போட்டிருந்தால் படத்தில் அதை எடுத்துவிட்டுப் பழைய சன்னலை வைத்தார். குடியிருந்தவர்கள் நல்ல வெளிச்சம் வேண்டுமென்று மாற்றியிருப்பார்களோ என்னவோ, படத்துக்கு அது ஆகவில்லை.

கெர்ட்ரூட் ஜீகில் அதே மாவட்டத்துக்காரர். 'குடிசைத் தோட்டம்' என்ற பாணியை இருபதாம் நூற்றாண்டின் நடுத்தர வர்க்கத்துக்குக் கையளித்ததில் அவருக்குப் பெரும்பங்கு உண்டு. ஏழைகளின் தோட்டத்திலிருந்து கற்றுக்கொண்டதாக வெளிப்படையாகவே சொன்னவர், அந்த நேர்மையை மறுக்கவேண்டியதில்லை. 1904இல் 'பழைய மேற்கு சர்ரே' என்ற நூலை முந்நூறுக்கு மேற்பட்ட படங்களுடன் வெளியிட்டார். குடிசைகளின் அடுப்புக்கோல், மெழுகுவர்த்தித் தாங்கி, மண்பாண்டம், மேலங்கி என்று ஒவ்வொன்றையும் பதிவு செய்தார். தொழிற்சாலையில் செய்த மலிவுச் சரக்கு வந்து இவற்றை அழிப்பதைக் கண்டு வருந்தினார். தான் சேகரித்தவற்றைப் பின்னர் கில்ட்ஃபோர்டு அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். மானிடவியலாளர்கள் பொறாமைப்படும் உழைப்பு அது. ஆனால் அந்தப் புத்தகத்தில் கருவிகள் பேசுகிற அளவுக்குக் கூலி பேசவில்லை. அவருடைய கூட்டாளியான கட்டடக் கலைஞர் லட்யன்ஸ், நமக்குப் புதுதில்லியைக் கட்டிக்கொடுத்த அதே லட்யன்ஸ், பழைய மாவுத்திரிகைக் கற்களைத் தோட்டத் தரையில் வட்ட அலங்காரமாகப் பதித்தார். 1880களில் எஃகு உருளை ஆலைகள் பரவி கிராமத்து மாவு ஆலைகள் படுத்துப்போனதால்தான் திரிகைக் கல் கிடைத்தது. அதாவது, மீட்டெடுத்த பொருள் ஒன்று சந்தைக்கு வருகிறதென்றால் ஒரு தொழில் சமீபத்தில் செத்திருக்கிறது என்று பொருள்.

இதை மிகத் துல்லியமாகக் காட்டுகிற இடம் கென்ட் மாவட்டத்து சிசிங்ஹர்ஸ்ட். 1930இல் எழுத்தாளர் விட்டா சாக்வில்-வெஸ்ட்டும் கணவர் ஹெரால்டு நிக்கல்சனும் இந்தப் பாழடைந்த மாளிகையை வாங்கினார்கள். அந்தக் கட்டடத்தின் பின்கதை சுவாரஸ்யமானது. ஏழாண்டுப் போரில் பிடிபட்ட பிரெஞ்சுக் கைதிகளுக்குச் சிறையாக இருந்தது. 1796இலிருந்து 1855வரை கிரான்புரூக் பகுதி ஏழைகளை வைத்து வேலை வாங்கிய ஏழையர் விடுதி. அதன்பின் பண்ணைக்கூலிகளின் குடியிருப்பு. வாங்கியவர்கள் முதல் மூன்று ஆண்டுகள் குப்பை அள்ளுவதிலேயே கழித்தார்கள். துருப்பிடித்த இரும்புக் கட்டில், கம்பி, உடைந்த கழிப்பறை, சார்டின் மீன் டப்பா. இவை வெளியே போயின. கல்தொட்டிகள் உள்ளே தங்கின. அவற்றில் மலைச்செடிகள் ஏறின. குடிசைத் தோட்டப் பகுதியின் நட்டநடுவில் பச்சைக் களிம்பு ஏறிய செப்பு அண்டா ஒன்று பூந்தொட்டியாக வைக்கப்பட்டது. சுற்றிலும் மஞ்சளும் ஆரஞ்சும் சிவப்புமாக அந்திவானம் போல நடவு. இன்றும் அப்படித்தான் இருக்கிறது.

சார்டின் டப்பாவும் துருக்கட்டிலும் ஏன் குப்பை, தொட்டியும் அண்டாவும் ஏன் செல்வம்? எல்லாமே உழைக்கிற மக்களின் சாமான்கள்தானே. டப்பா நேற்றுவரை அங்கே குடியிருந்தவரின் தடயம். அவருக்கு முகம் இருக்கிறது, அவர் பக்கத்து ஊரில் உயிரோடு இருக்கக்கூடும். அண்டாவின் உரிமைக்காரர் பெயரிழந்து 'பழைய கால'த்தில் கரைந்துவிட்டார். கரையாதவர்களின் பொருள் குப்பை, கரைந்தவர்களின் பொருள் கலை. 1938இல் தோட்டம் பொதுமக்களுக்கு ஒரு ஷில்லிங் கட்டணத்துக்குத் திறக்கப்பட்டபோது, வந்தவர்களை விட்டா செல்லமாக, கொஞ்சம் உயரத்திலிருந்துதான், 'ஷில்லிங்கர்கள்' என்று அழைத்தார்.

அந்த அண்டாவைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. ஆங்கிலேயக் குடிசைகளில் அது செங்கல் மேடையில் பதிக்கப்பட்டிருக்கும், அடியில் அடுப்பு. வழக்கமாகத் திங்கட்கிழமை சலவை. விடியுமுன் எழுந்து பம்பிலிருந்தோ கிணற்றிலிருந்தோ வாளி வாளியாகத் தண்ணீர் சுமந்து நிரப்பி, தீ மூட்டி, கொதிக்கக் கொதிக்கக் கோலால் கிளறி, எடுத்து அலசி, உருளையில் கொடுத்துப் பிழிந்து முடிக்க ஒரு முழுநாள். ஆவியும் சோடாவும் தோலை உரித்த கைகள். தன் வீட்டுத் துணி போதாதென்று பெரிய வீட்டுத் துணியையும் காசுக்கு வெளுத்தவர்கள் எத்தனையோ பேர். வெள்ளாவி என்றால் என்னவென்று தெரிந்த நம்முடைய கிராமங்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. பெண்ணின் உழைப்பு, கூலியாகப் பதிவாகாத உழைப்பு, பாத்திரத்திலும் பதிவாகவில்லை. பச்சைக் களிம்பு மட்டும் பதிவாகியிருக்கிறது.

*

இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு இந்தச் சரக்கு வெள்ளமாக வந்தது. டிராக்டர் வந்து குதிரை போனதில் சக்கரமும் லாடமும் தொட்டியும் வந்தன. 1952 டிசம்பரில் லண்டனை மூடிய நச்சுப்புகைக்குப் பிறகு 1956இல் தூய காற்றுச் சட்டம் வந்தது. நிலக்கரி அடுப்புகள் அணைய அணைய புகைபோக்கிக் குழாய்கள் கூரையிலிருந்து இறங்கின. சேரிகளை அகற்றுகிறோம் என்று மான்செஸ்டரிலும் லிவர்பூலிலும் லண்டன் கிழக்கிலும் வரிசை வீடுகளை லட்சக்கணக்கில் இடித்தார்கள். அங்கிருந்து வந்தவைதான் இன்று விலைபோகிற வெள்ளைப் பீங்கான் கழுவுதொட்டிகள். பாத்திரம் கழுவி, காய் கழுவி, பிள்ளையைக் குளிப்பாட்டிய தொட்டிகள் அவை. குடியிருந்தவர்களுக்கு அடுக்குமாடிகளில் பளபளப்பான எஃகுத் தொட்டி கிடைத்தது. பலருக்கு அது சந்தோஷமாகவே இருந்தது, அதையும் சொல்லவேண்டும். மறுமுனையில் பிரபுக்களின் மாளிகைகளும் இடிந்துகொண்டிருந்தன. அதற்கு மட்டும் அழ ஆளிருந்தது: 1974இல் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் 'மாளிகைகளின் அழிவு' என்ற பெரிய கண்காட்சியை நடத்தியது. வரிசை வீட்டுக்கு யாரும் அப்படிக் கண்காட்சி வைக்கவில்லை.

வீதிவீதியாகக் கூவி வாங்கிய பழைய சாமான் வண்டிக்காரர்களின் இடத்தில் 1970களில் வேறொரு வகைக் கடை தோன்றியது. காயலான் கடைதான், ஆனால் காயலான் கடை விலை இல்லை. லண்டனில் லாஸ்கோ என்ற நிறுவனம் கைவிடப்பட்ட ஒரு தேவாலயத்தையே கிடங்காக்கிக்கொண்டு கதவும் கணப்பும் கல்லும் விற்றது. 1979இல் வெளிவந்த 'குப்பைக் கோட்பாடு' என்ற நூலில் மானிடவியலாளர் மைக்கேல் தாம்ப்சன் இதற்கு ஒரு விளக்கம் தருகிறார். பொருட்களில் நாளுக்கு நாள் மதிப்புக் குறைபவை உண்டு. நாளுக்கு நாள் மதிப்புக் கூடுபவை உண்டு. முதல் வகையிலிருந்து இரண்டாம் வகைக்கு நேராகத் தாவமுடியாது. இடையில் பூஜ்யத்தைத் தொட்டு, யார் கண்ணிலும் படாத குப்பையாகக் கிடந்தாகவேண்டும். அங்கிருந்து அதைக் கண்டெடுத்து 'இது செல்வம்' என்று அறிவிக்கிற அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதுதான் வர்க்கக் கேள்வி. தாம்ப்சனின் சட்டகம் கொஞ்சம் கச்சிதமாகவே இருக்கிறது. ஆனால் குப்பையாகக் கிடக்கும் அந்த இடைக்காலத்தில்தான் பொருளின் பழைய உரிமையாளர் மறக்கப்படுகிறார் என்பதை அதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ளலாம்.

அதிகாரம் யாரிடம் என்பதற்கு ஓர் உதாரணம். போர்க்காலத்தில், 1943 வாக்கில், பிரிட்டனில் ஏறத்தாழ 14 லட்சம் குத்தகைத் தோட்டத் துண்டுகள் இருந்தன. நகரத் தொழிலாளர்கள் நகராட்சியிடம் வாடகைக்கு எடுத்துக் காய்கறி போடும் இடங்கள். அங்கேயும் எல்லாம் மீட்டெடுத்த சாமான்தான். பழைய குளியல்தொட்டியில் மழைத்தண்ணீர், இடித்த வீட்டுச் சன்னலில் நாற்றுக்கூடம், பழைய கதவுகளைச் சேர்த்தடித்த கொட்டகை. காசு கொடுத்து வாங்காமல் ஒப்பேற்றுவதில் ஒரு பெருமிதமும் இருந்தது. 1969இல் பேராசிரியர் தார்ப் தலைமையிலான அரசுக் குழு இந்த இடங்களை ஆராய்ந்து அறிக்கை கொடுத்தது. அதற்கு இந்தக் கோலம் அலங்கோலமாகத் தெரிந்தது. ஒழுங்கான கொட்டகைகளும் புல்வெளியும் உள்ள 'ஓய்வுத் தோட்டங்க'ளாக மாற்றச் சொன்னது. அதே துருத்தொட்டி, பத்து மைல் தள்ளி ஒரு வழக்கறிஞரின் வார இறுதிக் குடிசை வாசலில் இருந்தால் ரசனை. அராஜகச் சிந்தனையாளர் கொலின் வார்ட், டேவிட் குரவுச்சுடன் சேர்ந்து 1988இல் எழுதிய குத்தகைத் தோட்டங்கள் பற்றிய நூலில் இந்த ஒட்டுக்கொட்டகைகளுக்கு என்று தனி அழகியல் உண்டென்று வாதிட்டார். இதுபற்றி வந்த எழுத்துகளில் எனக்கு மிகவும் பிடித்தது அந்தப் புத்தகம்தான். ஏழையின் ரசனையை ஏழ்மையாகப் பார்க்காத புத்தகம்.

தாட்சர் காலத்து பிரிட்டனில் ஆலைகள் மூட மூட அருங்காட்சியகங்கள் திறந்தன. 1987இல் ராபர்ட் ஹியூவிசன் இதை 'பாரம்பரியத் தொழில்' என்று கிண்டலடித்து எழுதினார்: பொருள் உற்பத்தி செய்ய வக்கில்லாத நாடு பழமையை உற்பத்தி செய்கிறது என்பது சாரம். இதற்கு எதிர்ப்பு வலதுசாரிகளிடமிருந்து வந்திருந்தால் ஆச்சரியமில்லை; சோஷலிச வரலாற்றாசிரியர் ராஃபேல் சாமுவேலிடமிருந்து வந்தது. 1994இல் வெளியான 'நினைவின் அரங்குகள்' நூலில், சாதாரண ஜனங்கள் பழைய சாமான் சேர்ப்பதைப் பார்த்து இடதுசாரி அறிவுஜீவிகள் முகம் சுளிப்பது வெறும் மேட்டிமைத்தனம் என்றார். பேராசிரியர்கள் எழுதுவது மட்டுமா வரலாறு? பாட்டியின் உருளை இயந்திரத்தை வாசலில் வைத்துப் பூச்செடி படரவிடுகிற பெண்ணும் வரலாறு எழுதுகிறாள்தான் என்பது அவர் பக்கம். நியாயம் இருக்கிறது. அவளுக்கு அந்த இயந்திரத்தின் கைப்பிடி தெரியும், அதில் யாருடைய விரல் நசுங்கியது என்பதும் தெரியும். ஆனால் அவள் கதையோடு வைத்திருக்கிற அதே இயந்திரத்தைக் கிடங்குக்காரன் கதையை உரித்துவிட்டு விற்கிறான். சாமுவேலின் பரந்த மனசு இந்த இரண்டு பேரையும் ஒரே பந்தியில் உட்காரவைத்துவிடுகிறது.

*

டெரக் ஜார்மனின் தோட்டத்தைச் சொல்லாமல் இதை முடிக்கமுடியாது. திரைப்பட இயக்குநர், ஓவியர், தன்பால் விழைவை ஒளிக்காமல் வாழ்ந்தவர். 1986 டிசம்பரில் எச்.ஐ.வி. தொற்று இருப்பது தெரிந்தது. ஏறத்தாழ அதே சமயத்தில், இறந்துபோன தந்தை விட்டுச்சென்ற பணத்தைக் கொண்டு கென்ட் கடற்கரையில் டன்ஜனெஸ் என்ற இடத்தில் பிராஸ்பெக்ட் காட்டேஜ் என்ற மீனவர் குடிசையை வாங்கினார். கருந்தார் பூசிய பலகைச் சுவர், மஞ்சள் சன்னல். மண்ணே இல்லாத கூழாங்கல் வெளி, உப்புக்காற்று, முதுகுக்குப் பின்னால் அணுமின் நிலையம். தோட்டம் போடுவதற்கு இதைவிட மோசமான இடம் கிடைக்காது.

ஒரு ரோஜாக் கன்றுக்குக் கடல் ஒதுக்கிய கட்டையை முட்டுக் கொடுத்ததில் தொடங்கியது என்று சொல்வார்கள். பிறகு தினமும் கரையில் நடந்து பொறுக்கினார். துளைவிழுந்த கற்களைக் கோத்து மாலையாக்கினார். நீளமான கற்களை நட்டு வட்டங்கள் அமைத்தார். துருப்பிடித்த சங்கிலி, மிதவை, போர்க்காலத் தடுப்பரண்களின் இரும்புத்தண்டுகள் இவற்றைச் செடிகளுக்கு நடுவே நிறுத்தினார். அந்தக் கரையில் தானாக வளரும் கடற்கோசும், லாவண்டரும், பாப்பியும். 1988இல் தாட்சர் அரசு தன்பால் விழைவை 'ஊக்குவிப்பதை' உள்ளாட்சிகளுக்குத் தடைசெய்து 28ஆம் பிரிவைக் கொண்டுவந்தபோது அதற்கெதிராகத் தெருவில் நின்ற மனிதர், மிச்ச நேரத்தில் இங்கே மண்டியிட்டு எரு வைத்துக்கொண்டிருந்தார். நண்பர்கள் ஒருவர் பின் ஒருவராகச் செத்துக்கொண்டிருந்தார்கள். 1991இல் வெளியான 'மாடர்ன் நேச்சர்' நாட்குறிப்பில் செடிகளின் பெயர்களும் மருத்துவமனை நாட்களும் மாறிமாறி வருகின்றன. 1994 பிப்ரவரியில் இறந்தார்.

ஜார்மன் ஏழையில்லை, அவர் செய்ததும் சேகரிப்புத்தான். ஆனாலும் வேறுபாடு இருக்கிறது. அவருடைய இரும்பு, துருவை மறைத்துக்கொண்டு 'அந்தக் காலம்' என்று நடிக்கவில்லை. முள்கம்பித் தண்டு முள்கம்பித் தண்டாகவே, போரின் எச்சமாகவே நிற்கிறது. கப்பல் உடைந்த கட்டை உடைந்தே இருக்கிறது. அணுஉலையைச் செடிவைத்து மறைக்க முயலவுமில்லை. தோட்டத்துக்கு வேலி கிடையாது, எங்கே முடிகிறது என்று சொல்லமுடியாதபடி கூழாங்கல் வெளியில் கலந்துவிடுகிறது. அடைப்புச் சட்டங்களில் தொடங்கிய ஒரு மரபில் இது சின்ன விஷயமில்லை. பின்னாளில் வீடு தனியார் கைக்குப் போய்விடாமல் காக்க நிதி திரட்டி, 2020 மார்ச் முடிவில் 35 லட்சம் பவுண்டு சேர்த்தார்கள். இப்போது பாதுகாக்கப்பட்ட நினைவிடம். உலைகளின் கதை வேறு: ஒன்று 2006இல் மூடப்பட்டது, மற்றது 2018இல் நின்றது, இனி இயங்காது என்று 2021இல் அறிவித்தார்கள். அதையும் யாராவது ஒருநாள் 'கண்டெடுப்பார்கள்'.

ஜார்மனுக்குக் கடல் இலவசமாகக் கொண்டுவந்து கொட்டியது. மற்றவர்களுக்குச் சரக்கு தீர்ந்துவருகிறது. கல்தொட்டிக்கு எப்போதோ தட்டுப்பாடு வந்துவிட்டதால் சிமெண்டு, மணல், கரிமண் மூன்றையும் பிசைந்து பழந்தொட்டி மாதிரி வார்க்கும் முறை பல பத்தாண்டுகளாகவே பழக்கத்தில் இருக்கிறது. அந்தக் கரிமண் சதுப்புநிலத்தில் ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர் அளவில் படிவது. இருநூறு வயதுத் தொட்டி போலத் தோன்றவைக்க ஆயிரம் ஆண்டு மண்ணை வெட்டுகிறார்கள். புதுச் சட்டிக்குத் தயிர் பூசி நிழலில் வைத்தால் பாசி பிடித்துப் பழசாகிவிடும் என்பது இன்னொரு கைப்பக்குவம். குடிசைப் பாதைக்குப் போடுகிற யார்க்ஷயர் கற்பலகை தேய்ந்த நிலையில் கிடைப்பது அருகி, விலையும் எட்டாத உயரத்துக்குப் போனபின், கடந்த முப்பது ஆண்டுகளாக அந்த இடத்துக்கு வருவது ராஜஸ்தான் மணற்கல்.

கோட்டா, பூந்தி பகுதிகளின் குவாரிகளில் வெட்டி எடுத்த கல்லைச் சுழலும் டிரம்மில் போட்டு உருட்டுகிறார்கள். ஒன்றோடொன்று மோதி முனை மழுங்கி, நூற்றாண்டுக் காலம் செருப்புப் பட்டுத் தேய்ந்தது போல வெளியே வருகிறது. 'உருட்டியது' என்ற ரகத்துக்கு பிரிட்டன் கடைகளில் தனி அட்டவணையே உண்டு. பூந்தி மாவட்டத்து பூத்புராவில் சதுரக்கற்களை உளியால் கொத்துகிறவர்களில் குழந்தைகளும் இருப்பதை 2000களிலிருந்து பல ஆய்வறிக்கைகள் பதிவு செய்திருக்கின்றன. மணற்கல் தூசி நுரையீரலில் படிந்து வருகிற சிலிக்கோசிஸுக்கு மருந்து கிடையாது. ராஜஸ்தான் அரசு 2019இல் இந்த நோய்க்கென்று தனிக் கொள்கை வெளியிட்டது. நோய் இருப்பதாகச் சான்றிதழ் பெற்ற தொழிலாளிக்கு 3 லட்சம் ரூபாய், இறந்தபின் குடும்பத்துக்கு 2 லட்சம்.